கடைசி வரிசையில் பழவேற்காடு

எம்.கே.பி. நகரில் அக்கா வீட்டுக்கு ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி வந்து சேர்ந்தபோது, அதை எங்கே நிறுத்துவது என்பதுதான் தெருவெல்லாம் பேச்சாக இருந்தது. இந்தத் தெருக்களுக்கு மனை பிரித்த நாளில் கார் என்றால் அம்பாசிடர். அதன் அகலம் 1,662 மி.மீ. அண்மை ஆண்டுகளில் குடும்பங்கள் விரும்பி வாங்கிய எக்ஸ்யூவி700 வண்டிக்கு 1,890 மி.மீ., ஸ்கார்ப்பியோ என் வண்டிக்கு 1,917 மி.மீ. பக்கக் கண்ணாடிகள் இந்தக் கணக்கில் சேராது. அரை முழம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஒரு பக்கம் பைக் வரிசையும் மறுபக்கம் குடங்களும் வாசற்படிகளும் இருக்கிற தெருவில், அந்த அரை முழத்துக்காகத்தான் அக்கம்பக்கத்தில் முகம் சுளிப்பு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பழவேற்காட்டுக்குக் கிளம்பினோம். மாமா ஸ்டியரிங்கில். அவருடைய அப்பா முன் சீட்டில். நடு வரிசையில் அத்தை, அக்காவின் மகள், மகன். கடைசி வரிசையில் அக்காவும் நானும். யார் எங்கே உட்காருவது என்று யாரும் பேசவே இல்லை. வண்டி வாங்கிய நாளிலிருந்து அதுதான் வரிசை என்று அக்கா சொன்னாள்.

அத்தைக்கு முழங்கால் வலி. இந்த வண்டிகளின் தரை உயரம் அவரால் ஒரே எட்டில் ஏறக்கூடியது அல்ல. ஷோரூமில் பக்கவாட்டுப் படி போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தப் படியும் அவருக்கு உயரமாகவும் குறுகலாகவும் இருந்தது. அதனால் வீட்டிலிருந்த சிவப்பு பிளாஸ்டிக் முக்காலி இப்போது வண்டியோடு நிரந்தரமாகப் போகிறது. முக்காலியைக் கீழே வைத்து, அத்தை ஏறியதும் எடுத்து டிக்கியில் போட வேண்டும். டிக்கி என்று அதைச் சொல்வதே அதிகம். மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது கதவுக்கும் சீட் முதுகுக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டுக் கேரியரும் தண்ணீர் கேனும் போகும், அதற்குமேல் பாய் சுருட்டிச் செருகலாம். 2021இல் சஃபாரி ஏழு சீட்டோடு திரும்பி வந்தபோது, எல்லா வரிசையும் நிமிர்ந்த நிலையில் அதற்குச் சொல்லப்பட்ட டிக்கி இடம் 73 லிட்டர். கல்யாணத்துக்குப் போகிற ஏழு பேருக்கு ஏழு பை உண்டு என்பதை இந்தக் கணக்கு போட்டவர்கள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பாதிப் பைகள் கடைசியில் கடைசி வரிசைக்காரர்களின் மடிக்குத்தான் வந்து சேருகின்றன. எங்கள் மடியில் இட்லிப் பாத்திரம் இருந்தது.

எதிர்வீட்டு அண்ணன் தூக்கக் கலக்கத்தோடு வந்து, சொல்லாமலே தன் பைக்கை ஓரம் கட்டிக் கொடுத்தார். அவரிடமும் பெரிய வண்டி உண்டு. சேஸிஸ் தனியாக, பாடி தனியாக உட்கார்ந்திருக்கும் பழைய மாடல், காசிமேட்டில் வியாபாரம் செய்கிறவர் என்பதால் கடற்காற்றில்தான் அது நாள் முழுவதும் நிற்கிறது. அடிப்பக்கத்தில் துரு ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருக்கு முதல் வேலை. மழைக்காலம் முடிந்ததும் லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, ஆன்ட்டி ரஸ்ட் கோட்டிங் அடித்துவிடுகிறார். அடுத்த வேலை எலி. "இன்னா வெல குட்த்து வாங்குனாலும் எலிக்கு எல்லாம் ஒயருதாம்மா" என்றார். பானெட்டுக்குள் புகையிலைத் துணுக்கு கட்டி வைத்திருக்கிறார். இத்தனை இருந்தும் அந்த வண்டியை அவர் விடுவதாக இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய நாட்களில், தெருவில் சின்னக் கார்கள் எல்லாம் அசையாமல் நின்றபோது பால் பாக்கெட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியும் அவர் வண்டியில்தான் போனார்கள். வடசென்னையில் உயரமான வண்டிக்கு மதிப்பு வந்ததற்குப் பகட்டைவிட மழைத் தண்ணீரே பெரிய காரணம் என்று நானும் நம்புகிறேன். கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பிக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொடுங்கையூர் வழியாக கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு வந்தபோது கேட் மூடியிருந்தது. நீண்ட சரக்கு ரயில். மாமா இஞ்சினை அணைத்தார். முன்னால் இரண்டு ஜன்னல், நடுவில் இரண்டு ஜன்னல், எல்லாம் இறங்கின. கடைசி வரிசைக் கண்ணாடி இறங்காது, அது ஒட்டிய கண்ணாடி. ஐந்து நிமிடத்தில் எங்கள் இருவருக்கும் வியர்த்துவிட்டது. அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டாளே தவிர, ஏசியைப் போடுங்கள் என்று சொல்லவில்லை. சொன்னால் டீசல் கணக்கு வரும் என்று எனக்கும் தெரியும்.

காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் விரைவுச்சாலையில் ஏறியதும் கடல் வலது பக்கம் கூடவே வந்தது. கரையோரம் அலை அரிக்காமல் கொட்டிய பாறைகள், இடது பக்கம் துறைமுகத்துக்கு முறை வைத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகள். பெரிய வண்டி வாங்கியவர்களில் பலர் சொல்கிற ஒரு காரணம் இங்கே புரிந்தது. சின்னக் காரில் இந்தச் சாலையில் போனால் கண்ணுக்கு நேரே லாரியின் சக்கரம்தான் தெரியும். உயரமான சீட்டிலிருந்து லாரிக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று பார்க்க முடிகிறது. மாமாவுக்கு இந்தச் சாலையில் பயம் போனதே இந்த வண்டி வந்தபிறகுதான். அதை அவர் சொல்லும்போது குரலில் ஒரு நிம்மதி இருந்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

திருவொற்றியூரில் தியாகராஜர் கோயில் கோபுரத்தை வண்டியிலிருந்தே கும்பிட்டுக்கொண்டார் முன் சீட்டில் இருந்த பெரியவர். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வழி நெடுக அவர்தான் பேசினார். 1946இல் பொம்மை பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாக எம்.ஆர்.எஃப். தொடங்கியது திருவொற்றியூரில். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பின்னாளில் அசோக் லேலண்ட் ஆகி எண்ணூரிலிருந்து நாட்டுக்கெல்லாம் லாரியும் பஸ்ஸும் அனுப்பியது. 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட் தடதடத்ததும் இதே திருவொற்றியூரில். நாட்டுக்கே டயரும் லாரியும் பைக்கும் செய்துகொடுத்த மக்கள், ஷிஃப்ட் சைரனுக்கு சைக்கிளில் ஓடினார்கள். தன் குடும்பத்தையே ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்தத் தொழிற்சாலை வாசலைக் கடப்பது பெரியவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அவர் உட்கார்ந்திருந்த நிமிர்விலேயே தெரிந்தது. எண்ணூரில் 2001இல் திறந்த துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம், இங்கிருந்து வரிசை வரிசையாகப் புதுக் கார்களைக் கப்பலேற்றுகிறது என்பதையும் அவர்தான் சொன்னார்.

எர்ணாவூரில் திரும்பி மணலிப் பக்கம் வந்ததும் மாமாவின் கை தானாக ஏசி பட்டனுக்குப் போனது. இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இது பழக்கம். சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, லாரிப் புழுதி எல்லாம் சேர்ந்த காற்று உள்ளே வராமல், உள்ளிருக்கும் காற்றையே ஏசி சுற்றிவிடும்படி மாற்றிவிடுவார்கள். முன்னால் இருப்பவர்களுக்கு அது நல்லதுதான். ஏழு பேர் மூச்சு விடும் பெட்டியில் அதே காற்று சுழலும்போது கடைசியாக வந்து சேரும் இடம் கடைசி வரிசை. சில வண்டிகளில் அங்கே தனி ஏசி துவாரமும் விசிறி வேகத்தைக் கூட்டும் திருகும் உண்டு. சிலவற்றில் துவாரமே கிடையாது, நடு வரிசைக்கு வருவதில் மிஞ்சியதுதான். எங்கள் வண்டியில் துவாரம் இருந்தது. பாட்டில் மூடி அளவுக்கு. அக்கா அதை எப்போதும் என் பக்கம் திருப்பி வைத்தாள்.

பிறகு டி.பி.பி. ரோடு. திருவொற்றியூரிலிருந்து பொன்னேரி வழியாகப் பஞ்செட்டி போகும் சாலை. கன்டெய்னர் லாரிகள் நாள் முழுவதும் அழுத்தி அழுத்தி, தார் அலை அலையாகக் குவிந்து கிடக்கிறது. ஒவ்வொரு அலையிலும் முன்னால் இருந்தவர்களின் பேச்சு தடைபடாமல் போனது. நாங்கள் இருவரும் மேலே போய்க் கீழே வந்தோம்.

இதற்குக் காரணம் எளிமையானது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உட்காருகிறவருக்குத்தான் குலுக்கல் குறைவு. கடைசி வரிசை பின் அச்சுக்கு நேர்மேலே, சில வண்டிகளில் அதற்கும் பின்னால் இருக்கிறது. பின் சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது அந்தத் தூக்கல் நேராக முதுகுத்தண்டுக்கு வருகிறது. அடியில் அச்சுக்கும் மற்ற பாகங்களுக்கும் இடம் விட வேண்டியிருப்பதால் தரை மேலேறி இருக்கும், சீட் தாழ்ந்து இருக்கும். முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும், தொடைக்கு ஆதாரமே இருக்காது. கண்ணாடியும் சிறியது. வெளியே பார்வை எட்டாமல் உடம்பு மட்டும் ஆடினால் குமட்டத்தான் செய்யும். அக்காவின் கைப்பையில் எலுமிச்சம்பழம் எப்போதும் இருப்பதன் காரணம் எனக்கு அந்தச் சாலையில்தான் தெரிந்தது.

ஆண்டார்குப்பத்தைத் தாண்டி ஒரு டீக்கடையில் நின்றோம். பக்கத்தில் ஒரு வெள்ளை டீசல் எஸ்யூவி. ஓட்டி வந்தவர் லாரி டிரான்ஸ்போர்ட் வைத்திருப்பவர், தனியாக வந்திருந்தார். ஞாயிறு காலையில் எங்கே என்று மாமா கேட்க, "சும்மாதாண்ணே, வண்டிக்கு ஒரு ஓட்டம் குடுக்க வந்தேன்" என்றார். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. நல்ல வேகத்தில் விடாமல் ஓடினால் அந்தக் குழாய் சூடேறி, சேர்ந்த கரி எரிந்துபோகும். பள்ளிக்கூடம், மார்க்கெட், கோயில் என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டங்களே ஓடினால் கரி அடைத்துக்கொண்டு டாஷ்போர்டில் விளக்கு எரியும். அவருக்கு எரிந்திருக்கிறது. சர்வீஸ் சென்டரில் பெரிய தொகை சொன்னார்களாம். அதிலிருந்து வாரம் ஒருமுறை தச்சூர் பக்கம் போய் வருகிறார். "வாங்கும்போது ஒருத்தரும் சொல்லலண்ணே. ஊருக்குள்ளயே ஓட்டுறவனுக்கு டீசல் வாணாம்னு சொல்லிருந்தா பெட்ரோல் எடுத்துருப்பேன்."

விலைப் பேச்சும் வந்தது. நான்கு மீட்டருக்கு மேல் நீளம், 1500 சி.சி.க்கு மேல் இஞ்சின், அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவில் 170 மி.மீ. அல்லது அதற்குமேல் இடைவெளி இருந்தால் 28 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 22 சதவீத செஸ்ஸும் சேர்த்து வாங்கினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதற்குமேல் தமிழ்நாட்டின் ஆயுட்கால வரி, 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18 சதவீதம், அதைத் தாண்டினால் 20. இவ்வளவு கட்டி வாங்குவது ஏன் என்று கேட்டேன். டிரான்ஸ்போர்ட்காரர் யோசிக்காமல் சொன்னார்: "ரெண்டு வண்டில போனா ரெண்டு குடும்பம் ஆயிடுதும்மா." அந்த நியாயத்தை மறுக்க எனக்கு மனமில்லை. எங்கள் வீட்டிலும் இரண்டு ஆட்டோ பிடித்த காலத்தில் யார் எந்த ஆட்டோவில் என்ற மனத்தாங்கல் கல்யாண மண்டபம் வரை வரும்.

அவரிடம் நான் இன்னொன்றும் கேட்டேன். உங்கள் வண்டியின் கடைசி சீட்டில் நீங்கள் உட்கார்ந்ததுண்டா? அவர் சிரித்துவிட்டு, பசங்கதான் உட்காருவாங்க என்றார். எதிர்வீட்டு அண்ணனும் காலையில் அதையேதான் சொல்லியிருந்தார். மைலேஜ், பிக்கப், சர்வீஸ் செலவு, மறுவிற்பனை எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். இந்த வண்டிகளைப் பற்றி நாம் கேட்கிற கருத்து முழுவதும் முன் சீட்டிலிருந்து வருகிறது. குடும்பத்துக்காக என்று வாங்குகிறோம். குடும்பத்தில் வாய் திறந்து கேட்காதவர்களைக் கடைசியில் ஏற்றுகிறோம், மருமகளை, வயதுக்கு வந்த பெண்ணை, விருந்துக்கு வந்த ஏழை உறவுக்காரியை. பாதுகாப்புக்குத் தரும் நட்சத்திரங்கள்கூட அங்கே எட்டுவதில்லை. எக்ஸ்யூவி700 வண்டிக்கு 2021இல் குளோபல் என்கேப் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது, நல்ல விஷயம். ஆனால் அந்த மோதல் சோதனையில் பெரியவர் பொம்மைகள் முன் சீட்டிலும் குழந்தை பொம்மைகள் நடு வரிசையிலும் உட்காருகின்றன. மூன்றாவது வரிசையில் பொம்மைகூட இல்லை. பக்கவாட்டு ஏர்பேக் கடைசி ஜன்னல் வரை நீளுமா என்று ஷோரூமில் கேட்டு வாங்குகிறவர்கள் எத்தனை பேர்?

மீஞ்சூர், பொன்னேரி கடந்து பழவேற்காட்டை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. நடு சீட் மடங்கி வழி விட்டால்தான் எங்களுக்கு இறக்கம். அதை வெளியே இருந்து ஒருவர் மடக்க வேண்டும். அத்தை இறங்கி, முக்காலி எடுத்து, சீட் மடங்கி, நாங்கள் குனிந்து ஒரு காலை வெளியே நீட்டி வந்து சேர்வதற்குள் மாமாவும் பெரியவரும் பாலம் வரை போய்விட்டார்கள்.

பழவேற்காடு எனக்குப் பிடித்த ஊர். டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டிய இடம். கோட்டை அநேகமாகப் புதர்தான். கல்லறைத் தோட்டம் நன்றாக இருக்கிறது. அதன் வாசல் தூண்களில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்த்து அக்கா மகன் முதலில் என் பின்னால் ஒளிந்துகொண்டு, பிறகு தொட்டுப் பார்த்தான். ஏரியின் நடுவில் தண்ணீர் முழங்கால் அளவுதான் போலிருந்தது, வலை இழுப்பவர்கள் நடந்தே போனார்கள். படகில் போகலாம் என்று பையன் அடம்பிடித்தான். 2011 கிறிஸ்துமஸ் நாளில் இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததைப் பெரியவர் அவனுக்குச் சொன்னார். குடும்பமாக வந்தவர்கள். எத்தனை பேர் ஏறலாம் என்ற கணக்கை, இன்னும் ஒருத்தர்தானே என்று மீறுவது நம் ஊரில் அன்பின் பெயரால் நடக்கிறது. ஏழு பேர் வண்டியில் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு போகிறவர்களை அன்று வழியிலும் பார்த்தோம். சீட் பெல்ட் ஏழுதான் இருக்கிறது.

மீன் வாங்கும் இடத்தில் தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஒரு குடும்பம். அவர்களுடையதும் ஏழு சீட். அந்த அம்மாவிடம் வண்டி எப்படி என்றேன். கணவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா முந்திக்கொண்டார்: "வண்டி சூப்பர்தான். நா பின்னாடி உக்காந்தா இடுப்பு போயிடும். அதான் பின்னாடி ரெண்டு சீட்டையும் மடக்கிப் போட்டுட்டோம். மாமியார் மாமனார் வரணும்னா ஆட்டோ." ஏழு சீட்டுக்குக் காசு கொடுத்து ஐந்து சீட்டாக ஓட்டுகிறார்கள். அது தோல்வி என்று எனக்குத் தோன்றவில்லை. யாருடைய இடுப்பு வலிக்கிறது என்று அந்த வீட்டில் ஒருவர் கேட்டிருக்கிறார்.

திரும்பும்போது அக்கா மகள் சாவியைக் கேட்டாள். கல்லூரியில் படிக்கிறாள், லைசென்ஸ் இருக்கிறது, ஊருக்கு வெளியே ஓட்டிப் பழக ஆசை. மாமா யோசித்துக் கொடுத்தார். முன் சீட்டில் பெரியவர் அப்படியே. அக்காவை நடுவில் உட்காரும்படி மகள் சொன்னபோது அக்கா தயங்கினாள். மாமா ஒன்றும் சொல்லாமல் குனிந்து பின்னால் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறடி ஆள். தலை கூரையைத் தொட்டது, முழங்கால் நடு சீட்டின் முதுகில் இடித்தது.

பொன்னேரி வரை பேசிக்கொண்டு வந்தார். பொன்னேரிக்குப் பிறகு மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஒரு வேகத்தடையில் மகள் கொஞ்சம் வேகமாக ஏறி இறக்க, "மெதுவாப் போம்மா, பின்னாடி ஆளுங்க இருக்காங்க" என்றார். நடு சீட்டிலிருந்து அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து எலுமிச்சம்பழத்தைப் பின்னால் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

மீஞ்சூரில் பெட்ரோல் பங்க்கைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னார். இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நேராக டிரைவர் கதவுக்குப் போய், கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தார். எத்தனை பேர் ஏறினால் எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று என்று அதில் இருக்கிறது. பங்க் பையனிடம் அளக்கச் சொன்னார். ஓடிய சூட்டில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் என்று கழித்துப் பார்த்தாலும், நான்கு சக்கரத்திலும் எழுதியிருந்ததைவிட மிக அதிகம். யாரோ எப்போதோ கல் மாதிரி அடைத்து விட்டிருக்கிறார்கள், அதே அளவைத்தான் ஒவ்வொரு முறையும் இவரும் சொல்லிவந்திருக்கிறார். காற்றை இறக்கச் சொல்லி, நாளைக் காலையில் சக்கரம் ஆறியபிறகு சரியாகப் பார்க்க வேண்டும் என்று மகளிடம் சொன்னார்.

அங்கிருந்து மணலி வரை அவர் பின்னாலேயே உட்கார்ந்து வந்தார். உரத் தொழிற்சாலைப் பக்கம் வாடை வந்ததும் மகளின் கை ஏசி பட்டனுக்குப் போனது. "போடு, ஆனா பின்னாடி ஃபேன ஏத்தி வை" என்றார் மாமா. அந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. அக்காதான் கையை நீட்டிக் காட்டினாள்.